கடைசி வீட்டு போலே அக்கா

அவரை எங்கள் லோரோங்கில், அந்தச் சின்னத் தெருவில், எல்லோரும் போலே அக்கா என்றுதான் கூப்பிட்டோம். போலே என்றால் மலாயில் முடியும், ஆகும் என்று அர்த்தம். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். மழை விடுமா என்றால் போலே. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வருமா என்றால் போலே. மனுசன் என்றைக்காவது திருந்துவானா என்று நான் வம்புக்குக் கேட்டால் கையிலிருக்கும் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "போலே லா தம்பி, ஏன் முடியாது?" என்பார்.

எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். நான் வயர்மேன். காஹாங் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு ஃபேனும் விளக்கும் மாட்டியவன். என் வேலையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. உலகத்தையும் நான் அப்படித்தான் டெஸ்டர் வைத்துப் பார்த்து, கரண்ட் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில், லோரோங்கின் தாழ்ந்த கோடியில் மூன்று வீடுகள். முதல் வீடு பாயுடையது. ராமநாதபுரத்துப் பூர்வீகம், முச்சந்தியில் ரொட்டிக் கடை. நடு வீடு என்னுடையது. கடைசி வீடு போலே அக்காவுடையது. அவர் தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்தினார். அவர் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் உள்ளவர், இடது காலில் எப்போதும் ஒரு கட்டு. அவரை நான் அண்ணன் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டு வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். தேத்தண்ணி, சுடச்சுட பிசாங் கோரெங் என்னும் வாழைப்பழ பஜ்ஜி. நான் கைப்பேசியைத் திறந்து உலகச் செய்தியை வாசிப்பேன். எங்கோ குண்டு போட்டது, எங்கோ காட்டை எரித்தது, வயதானவரைப் போனிலேயே ஏமாற்றியது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். அக்கா எண்ணெயில் வாழைப்பழத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்பார். கடைசியில், "சரி தம்பி, எல்லாம் சரி. ஆனா குண்டு போட்ட எடத்துல யாராச்சும் ஒருத்தரு சோறாக்கிப் போட்டிருப்பாங்கல்ல? அவங்கள பத்தி ஒண்ணும் போடலயா?" என்று கேட்பார். கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன், இருக்காது.

"போட மாட்டாங்க" என்று அண்ணன் சொல்லுவார். "இவ போலேன்னு சொல்லிட்டுப் போயிருவா தம்பி. அதுக்கப்புறம் மூட்டைய தூக்கறது யாரு? நாந்தான்."

அண்ணன் சொன்னது தமாஷுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

கேண்டீனில் வாரம் ஒரு நாள் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. அவித்த முட்டையை அக்காதான் ஒவ்வொரு தட்டிலும் வைப்பார். ஒரு வருஷம் திடீரென்று முட்டைச் சட்டியைப் பிள்ளைகள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார். ஆளுக்கு ஒன்று, நீங்களே எடுத்துக்குங்க என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அன்றைக்கு நான் கேண்டீன் ஃப்ரீசருக்கு பிளக் மாற்றிக்கொண்டிருந்தேன். பாதி வரிசை வருவதற்குள் சட்டி காலி. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது போல அவரைப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை.

அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. நாலாவது வாரம் சட்டியில் முட்டை மிச்சம். ஒரே ஒரு பையன் மட்டும் இரண்டு எடுத்தானாம். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம்.

"மொதோ மூணு வாரம் கடைசியில நின்ன பிள்ளைங்க முட்டையில்லாம சாப்பிட்டாங்களே அக்கா, அது மட்டும் என்ன நியாயம்?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? உள்ள இன்னொரு சட்டி இருந்துச்சு லா."

விடிவதற்கு முன்னால் எழுந்து இரண்டு பங்கு முட்டை அவித்திருக்கிறார். ஒரு பங்கு வெளியே, ஒரு பங்கு ஒளித்து. இது ஏமாற்று வேலை என்றேன். உங்கள் நல்ல உலகத்துக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து நின்று முட்டை அவிக்க வேண்டியிருக்கிறது, இது எத்தனை நாளைக்கு ஓடும் என்றேன். "இப்ப அவிக்கறதில்லயே தம்பி, தேவப்படல" என்றார். தேத்தண்ணி ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றினேன்.

இனி நான் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

தாமான் கட்டும்போதே வீடுகளுக்கு முன்னால் திறந்த வடிகால் ஒன்று விட்டிருந்தார்கள். லோங்காங் என்போம். மழைத்தண்ணீர் அதில் ஓடி லோரோங்கைத் தாண்டிப் போய்விடும். பாய் இரண்டாவது கார் வாங்கியபோது தன் வீட்டு லோங்காங்கை சிமெண்டுப் பலகையால் மூடி, அடியில் ஒரு குழாய் மட்டும் விட்டு, கார் நிற்கும் போர்ச்சை ஒரு சாண் உயர்த்தினார். குழாய் சின்னது. அடுத்த பெருமழையில் அவர் வீட்டுத் தண்ணீர் முழுவதும் என் கூடத்துக்குள் வந்தது. போய்ச் சண்டை போட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவரும் சொன்னார். மறு மாதமே ஆள் வைத்து என் லோங்காங்கையும் மூடினேன். பாயை விட நாலு விரற்கடை கூடுதலாக உயர்த்தச் சொன்னேன். அதோடு நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஐந்து வருஷம்.

என் வீட்டுக்குள் அதற்குப் பிறகு தண்ணீர் வரவில்லை. அது எங்கே போனது என்று நான் யோசித்தேனா? யோசித்தேன். கடைசி வீட்டுக்குப் போனது. தெரிந்துதான் இருந்தது. "நீங்களும் ஒசத்திக் கட்டிருங்க அக்கா, நான் ஆளு சொல்றேன்" என்று பெரிய மனதோடு சொல்லவும் செய்தேன்.

"நான் ஒசத்துனா பின் லோரோங்குக்குப் போவும்" என்றார். "நீங்களும் பாயும் பேசுனா எல்லா மூடியயும் ஒடச்சிட்டு லோங்காங்க தெறந்து விட்டுறலாம். ஒரு ஞாயித்துக்கெழம போதும். போலே."

"அவர் மொதல்ல ஒடைக்கட்டும்" என்றேன்.

இதையே அக்கா பாயிடம் கேட்டபோது, வயர்மேன் முதலில் உடைக்கட்டும் என்றாராம்.

அந்த ஐந்தாவது வருஷ மழைக்காலத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. அந்தத் தண்ணீருக்கு எங்கள் போர்ச் உயரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மூன்று வீடும் ஜன்னல் மட்டம் முழுகியது. தமிழ்ப்பள்ளி மேட்டில் இருந்ததால் அதை நிவாரண மையமாக்கினார்கள். எங்கள் தாமான், பக்கத்து மலாய்க் கிராமமான கம்பம், இரண்டு சீனக் குடும்பங்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் பாய் விரித்தோம். சாலை துண்டித்துப் போனதால் முதல் சில நாட்களுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வரவில்லை. கேண்டீனில் அரிசியும் பருப்பும் உருளைக்கிழங்கும் இருந்தன.

அக்காவுக்குத் தன் வாழ்நாள் கனவு வந்து மடியில் விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பானை என்று முடிவு செய்தார். மலாய்க்காரர்களுக்குப் பாத்திரம் ஹலாலா என்ற சந்தேகம் வரக் கூடாது என்று பாய் கடையிலிருந்து பெரிய தேக்சா பானைகளைப் படகில் ஏற்றி வரச் செய்தார். மாடு சாப்பிடாதவர், பன்றி சாப்பிடாதவர், வெள்ளிக்கிழமை சுத்த சைவம் என்பவர், யார் மனமும் நோகக் கூடாது என்று வெறும் சைவமாகவே சமைத்தார். முதல் நாள் சாம்பார், எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். இரண்டாம் நாளும் சாம்பார். மூன்றாம் நாள் பருப்பில் உருளைக்கிழங்கு. நான்காம் நாள் உருளைக்கிழங்கில் பருப்பு.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு தூதுக்குழு அடுப்படிக்கு வந்தது. கம்பத்துப் பெரியவர் ஒருவர், சீனக் கிழவர் ஒருவர், நடுவில் எங்கள் கோயில் தலைவர். மூன்று பேரும் கூடிப் பேசி நான் பார்த்ததே இல்லை. பெரியவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மலாயில் ஆரம்பித்தார். தங்கச்சி, உன் கை மணக்கிறது, குறை ஒன்றும் இல்லை, ஆனால் தினமும் பருப்பா என்றார். சீனக் கிழவர் தலையாட்டினார். கோயில் தலைவர் மட்டும் தமிழில், "மீனு கெடைச்சா தேவல மா" என்றார்.

அக்கா கரண்டியோடு நின்று அவர்களைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடுப்பங்கரைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா தம்பி, எல்லாரும் ஒண்ணாயிட்டாங்க" என்றார்.

வெள்ளம் பள்ளித் திடலையும் பிடித்திருந்ததால் மீனுக்குத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கம்பத்துப் பெரியவர் வலை போட்டார். கால்பந்து கோல் போஸ்டுக்குப் பக்கத்திலேயே வாளி வாளியாகக் கெளுத்தி கிடைத்தது. அதைச் சுத்தம் செய்ய அக்கா இரண்டு பேரைப் பிடித்து உட்கார வைத்தார். ஒருவன் நான், இன்னொருவர் பாய். எதிரெதிரே முக்காலி, நடுவில் வாளி, கத்தி ஒன்றே ஒன்று. மண்டபத்தில் இருபது கத்தியாவது இருந்தது, அக்கா ஒளித்து வைத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கத்தியைப் பாய் எடுத்துக்கொண்டார், நான் வாளிக்குள் கைவிட்டு ஒரு கெளுத்தியைப் பிடித்தேன். பிறகு பாய், "முள்ளு குத்திரும், மண்டைய புடிச்சு அறு" என்றார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "கத்திய கொடுத்தாத்தானே அறுக்க" என்றேன். கொடுத்தார்.

அந்த மண்டபத்தில் ஒன்பது நாள் இருந்தோம். கழிவறைக்கு வரிசை, கைப்பேசிக்குக் கரண்ட் ஏற்ற வரிசை, அழும் குழந்தை யாருடையதானாலும் பக்கத்தில் இருப்பவர் தூக்கினார். ஜெனரேட்டரிலிருந்து நான் வயர் இழுத்தேன், பாய் காலையில் ரொட்டி போட்டார். மனிதர்களிடம் கரண்ட் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இரவு தரையில் படுத்துக்கொண்டு இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. கடைசி நாள் பாயும் நானும் அக்கா முன்னால் கைகொடுத்துக்கொண்டோம். வீடு கழுவி முடித்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை லோங்காங் மூடிகளை உடைக்கிறோம் என்று சொன்னோம்.

வீடு திரும்பினோம். சேறு கழுவவே இரண்டு வாரம். முதல் ஞாயிறு எனக்கு ஊரெல்லாம் வயரிங் வேலை. இரண்டாவது ஞாயிறு பாய்க்குப் பத்து பாகாட் ஊரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மூன்றாவது ஞாயிறு இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம். அவர் போர்ச்சில் சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவரும் அதையே செய்துகொண்டிருந்தார் என்று பிறகு ஒப்புக்கொண்டார். கேட்கவில்லை என்றதும் இரண்டு பேருக்கும் கோபம். அடுத்த மாதமே பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அக்கா எங்களைக் கேட்கவில்லை. அண்ணனோடு சேர்ந்து தன் வீட்டு முன்னால் அடைந்திருந்த சேற்றை வாரி, தன் பங்கு லோங்காங்கைச் சுத்தம் செய்து வைத்தார். மேலே இரண்டு வீடும் மூடிக் கிடக்கும்போது கீழே ஒருவர் திறந்து வைத்து என்ன பிரயோசனம்? அடுத்த மழைக்கும் தண்ணீர் அவர் வீட்டுக்குத்தான் போனது. அண்ணனின் கால் புண் பெரிதானது. ஈரத்தில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்து பாகாட்டில் மகள் துணி ஆலையில் வேலை செய்கிறாள், மாடி வீடு. அங்கே போய்விடுவது என்று முடிவானது.

சாமான் ஏற்ற லோரி வந்த அன்று நான் உதவிக்குப் போனேன். அத்தனை வருஷம் அவர்கள் வாசலில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், படுக்கையறைக்குள் போனதில்லை. கட்டிலைத் தூக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நாலு காலுக்கும் கீழே செங்கல். அலமாரிக்குக் கீழே செங்கல். குளிர்சாதனப் பெட்டி, தையல் மெஷின், சாமி மேடை எல்லாவற்றுக்கும் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கல்.

"என்னக்கா இது?" என்றேன்.

அவர் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். "பாய் கட்டுனப்ப ஒரு கல்லு வச்சோம். நீங்க கட்டுனப்ப இன்னொண்ணு" என்றார். கத்தரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னார். குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை. அது குத்திக்காட்டியதாக இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அண்ணன் லோரியின் முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு என் போர்ச்சில் முதல் அடியை நானே போட்டேன். சிமெண்டுப் பலகை லேசில் உடைவதாக இல்லை. நாலாவது அடியில் கை எரிந்தது. பாய் இடுப்பில் சாரத்தோடு வெளியே வந்து வேலியோரம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். போகட்டும் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். கொஞ்ச நேரத்தில் கடப்பாரையோடு வந்தார்.

"அந்தப் பக்கம் அடிக்காத, கம்பி இருக்கும். ஓரத்துல நெம்பு" என்றார்.

மதியத்துக்குள் என் மூடி போனது. சாப்பிட்டுவிட்டு அவருடையதை ஆரம்பித்தோம். உடைத்துக்கொண்டிருக்கும்போது பாய் நிறுத்திவிட்டு, கடைசி வீட்டின் பூட்டிய கதவைப் பார்த்தார். "ஒரு வாரம் முன்னால செஞ்சிருக்கலாம்" என்றார். "அஞ்சு வருசம் முன்னால" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நெம்பினார்.

கடைசி வீட்டுக்கு சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி வாடகைக்கு வந்தார்கள். முதல் பெருமழை பிடித்தபோது பாயும் நானும் குடையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றோம். லோங்காங்கில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது, வாசலில் ஒரு சொட்டு இல்லை. அந்தப் பெண் கதவைத் திறந்து எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"தண்ணி ஏதாச்சும் உள்ள வந்துச்சா மா?" என்று பாய் கேட்டார்.

"இல்லியே அங்கிள். ஏன் வரும்?" என்றவள், கேட்டதே நல்லதாகப் போயிற்று என்பது போல, "ஆனா இந்த லோங்காங்க ஏன் இப்படித் தெறந்து போட்டிருக்காங்க? கார் நிறுத்தவே எடமில்ல. மூடிப் போட்டுக்கலாமா?" என்றாள்.

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். மூடவே கூடாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வீட்டில் ஒருத்தி தண்ணீர் ஏன் வரும் என்று கேட்கிறாள். அங்கே நின்றபடியே பத்து பாகாட்டுக்குப் போன் போட்டேன். அண்ணன் காலைக் கேட்டேன், ஆறிக்கொண்டு வருகிறது என்றார் அக்கா. பிறகு செய்தியைச் சொன்னேன். இரண்டு மூடியும் போய்விட்டது, பாய் என் பக்கத்தில்தான் நிற்கிறார், கடைசி வீடு காய்ந்து கிடக்கிறது என்றேன். பாய் போனைப் பிடுங்கி, "நாங்கதான் லேட்டு, மன்னிச்சிருங்க" என்றார். போனைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அக்கா அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நல்லா இருங்க, நல்லா இருங்க என்று இரண்டு தடவை சொன்னார்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"தம்பி" என்றார். "அந்தத் தண்ணி இப்ப எங்க போவுது?"

எனக்குத் தெரியவில்லை. பாயிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

மழை இன்னும் விடவில்லை. ஒரு குடையில் இரண்டு பேரும் லோங்காங்கை ஒட்டியே நடந்தோம். கடைசி வீட்டைத் தாண்டி, முனையில் திரும்பி, பின் லோரோங்குக்குள் போனோம். அங்கே முதல் வீட்டு லோங்காங் மூடியிருந்தது. இரண்டாவது வீட்டில் ஒருவர் கணுக்கால் தண்ணீரில் நின்று, கூடத்திலிருந்து துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். முன்னெல்லாம் இப்படி வந்ததில்லை, இந்த மழைக்குத்தான் வருகிறது என்று மலாயில் சொன்னார்.

பாய் குடையை என் கையில் கொடுத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கூடத்துக்குள் இறங்கினார். நான் கடப்பாரை எடுத்து வர வீட்டுக்குத் திரும்பி ஓடினேன்.